நான் பெருக்கித் தள்ளிய இருபத்து மூன்று நாள்

டீச்சர்,

நேற்று வெள்ளிக்கிழமை. சாம்பிராணி போட தேங்காய் நாரைப் பற்ற வைத்துத் தூபக்காலைச் சாமி அறையில் வைத்துவிட்டு அடுப்படிக்கு வந்தேன். கரி சரியாகப் பிடிக்கவில்லை போலிருக்கிறது, நார் மட்டும் புகைந்தது. அந்தப் புகை அடுப்படிக்குள் வந்ததும் என் கை தானாக டீக்கு இன்னொரு தம்ளர் எடுத்து வைத்தது. வைத்த பிறகுதான் என்ன செய்தேன் என்று எனக்கே தெரிந்தது.

நீங்கள் மாடியில் இருக்கிறீர்கள் என்பதற்கு அந்த வாசனைதானே அடையாளம். தேனீப் பெட்டியைத் திறப்பதற்கு முன்னால் தகர டப்பாவில் நாரைத் திணித்து, பற்ற வைத்து, துருத்தியை அமுக்கி அமுக்கிப் புகை விடுவீர்கள். அது படி வழியாகக் கீழே இறங்கி வரும். நான் டீ போட்டு எடுத்துக்கொண்டு ஏறுவேன். ஐந்து கோடைக்காலம் அப்படி.

நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. கல்லூரியில் உங்களுக்கு அஞ்சலி மலர் போட்டார்கள். என்னிடமும் எழுதித் தரச் சொன்னார்கள். எட்டாம் வகுப்போடு நின்றவள் நான், மீதியெல்லாம் எங்கள் கடைக்குப் பொட்டலம் கட்ட வந்த பழைய பேப்பரைப் பிரித்துப் படித்துக் கற்றுக்கொண்டது. பேராசிரியர்களுக்கு நடுவில் நான் என்ன எழுத என்று விட்டுவிட்டேன். அப்போது எழுதாததை இப்போது உங்களுக்கே எழுதுகிறேன்.

முதல் நாள் நீங்கள் வந்தது மத்தியானம். கடை அடைத்து என் வீட்டுக்காரர் சாப்பிட உட்கார்ந்திருந்தார். வாசலில் செருப்பைக் கழற்றாமலே நின்றுகொண்டு, "உங்க மொட்டை மாடியைக் கொஞ்சம் பாக்கலாமா அக்கா?" என்றீர்கள். கொண்டையில் ஒரு பென்சில் செருகியிருந்தது. வீடு வாடகைக்குக் கேட்கிறீர்கள் என்று நினைத்தேன்.

"வாடகைக்கு இல்ல. தேனீப் பெட்டி ரெண்டு வைக்கணும். கோடை லீவுக்கு மட்டும்."

"கொட்டாதா?" என்றார் இவர், சோற்றைப் பிசைந்தபடி.

"கொட்டும். நம்ம சும்மா இருந்தா அதுவும் சும்மா இருக்கும்."

"நம்ம வீட்டுலயும் ஒண்ணு அப்படித்தான் இருக்கு" என்று என்னைப் பார்த்தார். நீங்கள் சத்தமாகச் சிரித்துவிட்டீர்கள். வந்த வேலை அந்தச் சிரிப்பிலேயே முடிந்துவிட்டது.

மாடியில் ஏறி நாலு பக்கமும் பார்த்தீர்கள். ரயில் பாதையோரத்துப் புங்கை, பக்கத்து வீட்டு முருங்கை, பள்ளிக்கூடத்து வேம்பு, எல்லாவற்றையும் விரல் விட்டு எண்ணி, "பசிக்காது" என்றீர்கள். கல்லூரிப் பிள்ளைகள் மூன்று பேர் முப்பத்தைந்து நாள் ஆராய்ச்சிப் பயிற்சி செய்யப் போகிறார்கள், ஆளுக்கு ஓர் இடம், ஒன்று கல்லூரித் தோட்டம், ஒன்று ரசாயன ஆலைகள் இருக்கிற மணலிப் பக்கம், ஒன்று எங்கள் மாடி. தேனீ ஆரோக்கியமாக இருக்கிறதா, உண்ணி பிடித்திருக்கிறதா, புழு நோயில் சாகிறதா, ஒரு நாளைக்கு எத்தனை செத்து விழுகிறது, இதையெல்லாம் பார்த்து எழுதுவார்கள் என்று சொன்னீர்கள். தேன் கிடைக்குமா என்று கேட்டேன். "கிடைச்சா உங்களுக்குத்தான். எனக்குத் தேன் பிடிக்காது அக்கா, ஒரே தித்திப்பு" என்றீர்கள். தேனீ வளர்க்கிறவர் வாயில் இப்படி ஒரு பேச்சா என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் மாடிக்கு வந்த பிள்ளை சங்கீதா. குப்பத்துப் பெண். அப்பா படகுக்குப் போகிறவர், அம்மா மீன் விற்கிறவள். முதல் நாளே என்னிடம், "ஆன்ட்டி, எங்க வூட்ல இன்னா தெரியுமா சொல்றாங்கோ? மீனு புடிக்கத் தெரியாம ஈ புடிக்கப் போறியாடின்னு" என்று சொல்லிச் சிரித்தாள். சிரித்தாலும் அவளுக்கு அது விளையாட்டு இல்லை. பயிற்சி முடிந்ததும் ஒரு கூட்டம் இருந்தது. அதில் நன்றாகப் பேசுகிற ஒரு பிள்ளைக்கு பெங்களூரில் ஆறு மாதம் உதவித்தொகையோடு வேலை. அது கிடைத்தால் மேலே படிக்க விடுவதாகவும், கிடைக்காவிட்டால் இறால் கம்பெனிக்கு அனுப்பிவிடுவதாகவும் அவள் அப்பா சொல்லியிருந்தார். நீங்கள்தான் என்னிடம் சொன்னீர்கள், டீ தம்ளரைச் சுற்றிக்கொண்டே.

பெட்டி வைத்த மூலைக்குப் பக்கத்திலேயே என் துளசி மாடம். பெட்டிக்கு முன்னால் ஒரு வெள்ளைத் துணியை விரித்து நாலு மூலையிலும் கல் வைத்தீர்கள். "பெட்டி மேல மட்டும் கை வைக்காதீங்க அக்கா" என்றீர்கள். நான் வைக்கவில்லை. துணியைப் பற்றி நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பெட்டியிலிருந்து விழுகிற குப்பை தரையில் படாமல் இருக்கத்தான் துணி போலிருக்கிறது என்று நானாக எடுத்துக்கொண்டேன்.

அப்போதே இருபத்தாறு வருடமாக விடிவதற்கு முன்னால் எழுந்து, மாடியைப் பெருக்கி, தண்ணீர் தெளித்து, கோலம் போட்டு, துளசிக்கு விளக்கு ஏற்றுகிறவள் நான். உயிர் போனது எதுவும் கிடக்கிற இடத்தில் விளக்கு வைக்கக் கூடாது என்று பழக்கம். மறுநாள் காலையில் பார்த்தால் துணி மேல் ஒரு கைப்பிடி தேனீ செத்துக் கிடந்தது. பாவம் என்று ஒரு நாமம் சொல்லிவிட்டு, கல்லை எடுத்து, துணியைச் செம்பருத்தித் தொட்டியில் உதறி, திரும்ப விரித்து, கல்லை இருந்த இடத்திலேயே வைத்தேன். தினமும் அப்படித்தான். இரண்டு தடவை துணி அழுக்காகத் தெரிந்தது என்று சோப்புப் போட்டு அலசியும் வைத்தேன். வைத்த பொருளை வைத்த இடத்தில் வைக்கிற பழக்கம் எனக்கு. அதனால் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை.

சங்கீதா எட்டரைக்கு வருவாள். நான் உதறியதற்கும் அவள் வருவதற்கும் நடுவில் விழுந்த இரண்டு மூன்றை எண்ணி எழுதுவாள். கல்லூரித் தோட்டத்திலும் மணலியிலும் இதைப் போலப் பத்து மடங்கு விழுகிறது என்று தெரிந்தபோது அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

"ஆன்ட்டி, நம்ம ஏரியாவ கலீஜுன்னு சொல்வாங்கோ இல்ல? தேனீயே சர்ட்டிபிகேட் குடுத்துகீது பாருங்கோ!"

நீங்கள் அவள் எழுதிய கணக்குத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தீர்கள். "நல்லாத்தான் இருக்கு. ரொம்ப நல்லா இருக்கு" என்றீர்கள். முகத்தில் மட்டும் சந்தோஷம் இல்லை. எனக்கு ஏன் என்று விளங்கவில்லை.

இருபத்து மூன்றாம் நாள் சாயந்திரம் அவள் கூட்டத்தில் பேசப்போவதை உங்களுக்குப் பேசிக் காட்டினாள். நான் முறுக்குத் தட்டோடு வந்து நின்றேன். "கூட்டுக்குள்ள செத்துப் போற தேனீய மத்த தேனீங்க வெளில இழுத்தாந்து போட்ரும். அது இந்தத் துணி மேல விழும். ஒரு நாள் முழுக்க எத்தினி விழுதுன்னு எண்ணித்தான் கூடு நல்லா கீதா இல்லியான்னு சொல்றோம்" என்றாள். தட்டை அவள் பக்கத்தில் வைத்துவிட்டுக் கீழே இறங்கிவிட்டேன். அதற்குள் ஏன் போகிறீர்கள் என்று நீங்கள் கேட்டது காதில் விழுந்தும் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் காலையில் துடைப்பத்தோடு மாடிக்குப் போய், பெருக்காமல் நின்றேன். கோலமும் இல்லை, விளக்கும் இல்லை. திரும்பி வந்துவிட்டேன்.

எட்டரைக்கு மாடியிலிருந்து சங்கீதா போட்ட சத்தத்தில் தெருவே திரும்பிப் பார்த்தது. "ஆன்ட்டி! எல்லாம் செத்துக் கெடக்குது ஆன்ட்டி!" உங்களுக்குப் போன் செய்தாள். நீங்கள் ஆட்டோவில் வந்தீர்கள், தலைகூடச் சீவவில்லை. அதற்குள் அவள் ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். "நேத்து வரைக்கும் ரெண்டு, மூணு. ஒரே நாள்ல இத்தினி செத்துச்சுன்னா மணலில இன்னாத்தையோ தொறந்து வுட்டுக்கிறானுங்க மிஸ்!" போனில் படம் பிடித்துக்கொண்டே பேசினாள். எல்லோருக்கும் அனுப்பப் போகிறேன் என்றாள்.

இதை உங்களிடம் அப்போது சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் அது அப்படியே நின்றிருக்கும். யாரும் நம்பியிருப்பார்கள். மணலி நாற்றம் எங்களுக்கெல்லாம் தெரிந்த நாற்றம்தானே. அவளுக்கும் கூட்டத்தில் பேசுவதற்குப் பெரிய சங்கதியாக ஆகியிருக்கும். இதெல்லாம் என் மனதில் ஓடியது. படிக்கட்டின் கடைசிப் படியில் நின்று யோசித்தேன். பிறகு சொன்னேன்.

"நேத்து மட்டும் இப்படி இல்ல டீச்சர். தினமும் இவ்வளவுதான் விழும். நான்தான் விடிகாலையில உதறிட்டு விளக்கு வைப்பேன்."

சங்கீதாவின் போன் இன்னும் படம் பிடித்துக்கொண்டிருந்தது. நீங்கள் அதை வாங்கி நிறுத்தினீர்கள்.

"எத்தனை நாளா?"

"முதல் நாள்லேருந்து."

அவள் என்னைப் பேசிய பேச்சை நான் தப்பு சொல்லவில்லை. "நீங்க சாமி கும்புட்றதுக்கு என் ப்ராஜக்ட்டுதான் கெடச்சுதா? எங்கப்பன்கிட்ட நான் இன்னான்னு சொல்வேன்? ஆன்ட்டி பெருக்கிட்டாங்கோன்னா?" என்று கேட்டு அழுதாள். நீங்கள் அவளைத் தடுக்கவில்லை. எனக்காகப் பேசவும் இல்லை. அப்போது உங்கள் மேல் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

நான் ஒரு வழி சொன்னேன். "கடல் காத்துல பறந்துபோச்சுன்னு போட்டுக்கலாமே டீச்சர். இங்க காத்து அப்படித்தான் அடிக்கும்."

"அடிக்கும். ஆனா அதுல பறக்கலையே அக்கா."

"அப்போ நான் ஒரு கணக்கு சொல்றேன். சுமாரா எனக்குத் தெரியும். என் கையால எடுத்தது."

"சுமாரா வேண்டாம்."

சங்கீதா அதற்குள் செம்பருத்தித் தொட்டியைக் கிளற ஆரம்பித்திருந்தாள். உடம்பையெல்லாம் எறும்பு கொண்டுபோயிருந்தது. மண்ணில் இறக்கை மட்டும் மின்னியது. விரலை எச்சில் தொட்டு ஒவ்வொன்றாக எடுத்துத் தாளில் வைத்தாள். "மிஸ், ஒரு தேனீக்கு நாலு ரெக்கை. அல்லாத்தையும் எண்ணி நாலால வகுத்தா?" மூக்கை உறிஞ்சிக்கொண்டே கேட்டாள்.

நீங்கள் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தீர்கள். ஓர் இறக்கையை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தீர்கள். "இது எந்த நாள் ரெக்கைடா?" என்றீர்கள். அவள் தாளைக் கீழே வைத்தாள். எறும்பு எத்தனை இறக்கையை இழுத்துக்கொண்டு போனது என்பதும் யாருக்கும் தெரியாது.

கொண்டையிலிருந்த பென்சிலை எடுத்து, இருபத்து மூன்று நாள் கணக்கின் மேல் ஒரே கோடாக இழுத்தீர்கள். அழிக்கவில்லை, எண் தெரிந்தது. பக்கத்தில் எழுதினீர்கள்: "வீட்டுக்கார அம்மா காலையில் துணியை உதறியிருக்கிறார். எத்தனை விழுந்தது என்று தெரியாது." எழுதியதை என்னிடம் காட்டி, "சரியா இருக்கா அக்கா?" என்று கேட்டீர்கள். சரியாகத்தான் இருந்தது.

படியில் இறங்கும்போது, "எல்லாம் என்னாலதான் டீச்சர்" என்றேன். வேறு யாராக இருந்தாலும் அப்படியெல்லாம் இல்லை என்று சொல்லியிருப்பார்கள். நீங்கள், "ஆமா, உங்களாலதான். துணி எதுக்குன்னு உங்ககிட்ட சொல்லாதது என்னால. போய் டீ போடுங்க" என்றீர்கள்.

அம்மன் கோயில் குருக்களிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். "பூச்சிக்கு ஏதும்மா தீட்டு?" என்றார். இதை இருபத்தாறு வருடத்துக்கு முன்னால் கேட்டிருக்க வேண்டும். மிச்சம் பன்னிரண்டு நாளும், அன்றன்றைக்கு எண்ணி முடித்த பிறகுதான் மாடியில் விளக்கு எரிந்தது. சங்கீதா நான்கு நாள் என்னோடு பேசவில்லை. ஐந்தாம் நாள் எண்ணிக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்காமலே, "முறுக்கு தீந்துபோச்சா ஆன்ட்டி?" என்றாள்.

பன்னிரண்டு நாள் கணக்கில் எங்கள் மாடியில்தான் மூன்று இடத்திலும் அதிகமாகச் செத்திருந்தது. அவளுக்கு மனசு ஆறவில்லை. "அப்போ நம்ம காத்துதான் மிஸ் காரணம். அதச் சொல்லிடவா?"

"பன்னெண்டு நாளையும் ரெண்டு பெட்டியையும் வச்சா?"

"பின்ன இன்னாத்ததான் சொல்றது?"

"எத்தனை செத்துச்சோ அதைச் சொல்லு. ஏன்னு கேட்டா தெரியலைன்னு சொல்லு."

அப்படியே சொன்னாள். கூட்டத்தில் ஒரு பெரியவர் அந்தக் கோடு போட்ட நாட்களைப் பற்றிக் கேட்க, இவள் நடந்ததைச் சொல்ல, அரங்கமே சிரித்ததாம். பெங்களூர் இடம் மணலிப் பெட்டியைப் பார்த்த பையனுக்குப் போனது. சங்கீதா இறால் கம்பெனிக்குப் போனாள். ஐஸில் கை விறைத்து, விரல் நுனியெல்லாம் வெள்ளை வெள்ளையாகத் தோல் உரிந்து, ஒரு நாள் எனக்குக் காட்டினாள்.

ஒரு வருடம், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் நீங்கள் குப்பத்துக்குப் போனீர்கள். அவள் அப்பாவோடு படகோரத்தில் உட்கார்ந்து என்ன பேசினீர்கள் என்று எனக்குத் தெரியாது. ஒரு தடவை கேட்டதற்கு, "மீனைப் பத்திதான்" என்றீர்கள். அடுத்த சித்திரையில் அவள் மறுபடி மாடி ஏறினாள். அதற்கு அடுத்த வருடம் மேல்படிப்பு. இப்போது உங்கள் கல்லூரியிலேயே ஆராய்ச்சி செய்கிறாள். எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று தெருவில் சொல்கிறார்கள். அந்த ஒரு வருடம் அவளுக்குப் போனது போனதுதான். அதை நான் வேறு எந்தக் கணக்கிலும் கழிப்பதில்லை.

அப்புறம் உங்களுக்கு வந்தது. நுரையீரலில் என்றார்கள். நீங்கள் புகை பிடித்தவர் இல்லை, உங்கள் வீட்டில் யாருக்கும் வந்ததில்லை. ஆஸ்பத்திரியில் உங்கள் தம்பி டாக்டரிடம் ஏன் என்று கேட்டபோது நானும் பக்கத்தில் இருந்தேன். இன்னதுதான் என்று சொல்ல முடியாது என்றார். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டிருந்தீர்கள். தூக்கமா, கேட்டுக்கொண்டிருந்தீர்களா என்று தெரியவில்லை.

போன மாதம் ஒன்பது நாள் தொடர்ந்து மணலிப் பக்கத்திலிருந்து நாற்றம் வந்தது. சின்னப் பிள்ளைகளுக்கு இருமல், வாந்தி. தெருவில் எல்லோருமாகச் சேர்ந்து மனு கொடுப்பதென்று முடிவாகி, கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று என்னை எழுதச் சொன்னார்கள். எங்கள் கூடத்தில் பத்துப் பேர். சங்கீதாவும் வந்திருந்தாள். எந்த நாள், எத்தனை மணிக்கு வந்தது, எப்போது போனது, எல்லாம் என் நோட்டில் இருந்தது, அதை ஒவ்வொன்றாக மனுவில் ஏற்றினேன்.

சங்கீதா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "இதெல்லாம் எவன் படிப்பான் ஆன்ட்டி? மிஸ்ஸப் பத்தி எழுதுங்கோ. ஒரு டீச்சர இந்தக் காத்து கொன்னுச்சுன்னு எழுதுங்கோ. அதுக்குத்தான் திரும்பிப் பாப்பானுங்கோ."

கூடத்தில் எல்லோரும் ஆமாம் என்றார்கள். இவர்கூடக் கல்லாவில் உட்கார்ந்த மாதிரி தலையை ஆட்டினார். எனக்கும் அதை எழுத வேண்டும் போல இருந்தது டீச்சர். நாக்கில் வந்து நின்றது. "ஒரு ஆசிரியை" என்று எழுதிவிட்டுப் பேனாவை வைத்துவிட்டேன்.

"எனக்குத் தெரியாதே சங்கீதா."

"இன்னா தெரியாது? நாறிகினு கீது, மூச்சு முட்டிகினு கீது, தெரியாதா?"

"நாறுறது தெரியும். எத்தனை நாள் நாறுச்சுன்னு தெரியும். மிஸ்ஸுக்கு ஏன் வந்துச்சுன்னு தெரியாது."

அவள் எழுந்து நின்றாள். "அன்னிக்குத் தெரியாதுன்னு எழுத வச்சு என் ஒரு வருஷத்த வாங்கிக்கினீங்க. இன்னிக்கு மிஸ்ஸுக்காக ஒரே ஒரு வரி. அதுகூட வராதா உங்களுக்கு?"

பத்துப் பேருக்கு நடுவில் கேட்டாள். அவள் கேட்டதில் எனக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நான் குனிந்தே இருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவளே என் பக்கத்தில் மறுபடி உட்கார்ந்தாள். "அந்தம்மா உசுரோட இருந்தாலும் எழுத வுடாது" என்று முணுமுணுத்தாள். புதுத் தாள் ஒன்றை என் முன்னால் நகர்த்தி வைத்து, தேதிகளை அவளே ஒவ்வொன்றாகப் படித்துச் சொல்ல ஆரம்பித்தாள். நடுவில் ஒரு தேதியை மாற்றிப் படித்து, திருத்தி, மறுபடி சொன்னாள்.

மனு போயிருக்கிறது. பதில் இன்னும் வரவில்லை. அதில் நீங்கள் இல்லை. தெருவில் இரண்டு பேர் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை, டீச்சர் கையால் அத்தனை நல்லது பார்த்தவளுக்கு ஒரு வரி எழுத மனசு வரவில்லையே என்று. அவர்களுக்கு நான் பதில் சொல்லவில்லை.

உங்களிடம் சொல்கிறேன். உங்களுக்காகச் சண்டை போட என் கைக்கு ஒரே ஒரு வரி வந்தது. அதை எழுத விடாமல் செய்தது நீங்கள்தான். அம்மன் முன்னால் நின்று உங்களுக்கு ஏன் வந்தது என்று தினமும் கேட்கிறேன். கேட்டுவிட்டு, பதில் வந்தது மாதிரி நானாக எதையும் எடுத்துக்கொள்ளாமல் வீட்டுக்குத் திரும்பி வருகிறேன். கோபம் மட்டும் கூடவே வருகிறது. அது யார் மேல் என்று நிச்சயமாகத் தெரிகிற வரைக்கும் அதை யார் தலையிலும் வைக்காமல் நானே சுமந்துகொண்டிருக்கிறேன், டீச்சர். கனமாகத்தான் இருக்கிறது.